கடலுக்குப் போகாத குடும்பம்

கீழ்ப் பிரிவு லயம்,
தெஹியோவிட்ட.
10.08.2003

அன்பின் அம்ரா,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைச் சொல்லு. அந்த அப்பாவுக்கு மற்றக் கால் சொக்ஸ் கிடைத்ததா இல்லையா?

நேற்றும் அதே கதிதான். செல்வராணி அக்கா வீட்டு டீவிக்கு முன்னால் இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குடும்பமே கடலுக்குப் போகத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறது. அப்பா மட்டும் ஒற்றைச் சொக்ஸோடு வீடெல்லாம் நொண்டித் திரிகிறார். குளியல் தொட்டியில் குடியிருக்கிற அந்த வாத்து வாயில் எதையோ கவ்விக்கொண்டு திரும்பிப் பார்க்கிறது. அந்த நேரம் பார்த்துப் படம் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகி அணைந்துவிட்டது. டீவியை ஓட்டுகிற பெட்டரி செத்துப்போச்சு. "ஐயையோ!" என்று லயத்து வரிசை வீடுகளே கத்தின. "என்னைய ஏன்டி மொறைக்கிறீங்க? பெட்டரிக்கு நானா பால் குடுத்து வளக்குறேன்?" என்று செல்வராணி அக்கா சண்டைக்கு வந்துவிட்டார்.

நீ கல்யாணமாகி வரக்காப்பொலைக்குப் போனதில் எனக்கு வந்த முதல் நஷ்டம் இதுதான். உன் வாப்பா கடையில், மா மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் "ஹெட்ட யமு"வை ஒரு முழுப் பாகமாகப் பார்த்தது எல்லாம் போன பிறவி மாதிரி இருக்கிறது. ஜப்பான்காரன் கார்ட்டூன் படத்துக்கு "நாளைக்குப் போவோம்" என்று சிங்களத்தில் பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். கடல் இரண்டு ஸ்டேஷன் தள்ளித்தான் இருக்கிறது. இருந்தும் வாராவாரம் கிளம்பி, வாராவாரம் வாசலோடு திரும்புகிற குடும்பத்துக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

எங்கள் அம்மாவின் அபிப்பிராயத்தைக் கேள். "வெள்ளன எந்திரிச்சா போயிட்டு வந்திரலாம். அந்த ஊருல பெரட்டுத் தப்பு அடிக்க ஆள் இல்ல போல" என்கிறார். என் தாய் வெள்ளையம்மாவுக்கு உலகத்து வியாதிக்கெல்லாம் விடியலில் வேலைக்குக் கூப்பிடுகிற பெரட்டுத் தப்புதான் மருந்து.

முடிவை உடனே எழுது. கடைக்கே போடு. உன் கையெழுத்தைப் பார்த்தால் உன் வாப்பா தனியாக மேசை லாச்சிக்குள் எடுத்து வைக்கிறார். நான் சனிக்கிழமை சாமான் வாங்க வரும்போது எடுத்துக்கொள்வேன்.

சொக்ஸ் கவலையில் தூக்கம் கெட்ட,
சுதர்ஷினி


இலக்கம் 47/2,
பள்ளிவாசல் வீதி,
வரக்காப்பொல.
17.08.2003

என் அன்பின் சுதர்ஷினிக்கு,

அல்லாஹ் உன்னையும் அம்மாவையும் சுகமாக வைக்கட்டும். சொக்ஸ் வாத்தின் வாயில்தான் இருந்தது. பிடுங்கி எடுத்தால் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கொடியில் காயப்போட்டுவிட்டு நான்கு பேரும் தொப்பியைக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொக்ஸ் காய்ந்தபோது வெயில் போய்விட்டது. அப்பா, "ஹெட்ட யமு" என்றார். உள்ளே போய்க் கொமடுப் பழம் வெட்டித் தின்றார்கள். அவ்வளவுதான் கதை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணில் தண்ணீரும் வந்தது.

இந்த வீட்டைப் பற்றி முன்பு கேட்டிருந்தாய். பெரிய வீடு. பதினான்கு ஜன்னல், பதினான்குக்கும் திரை. நானும் எண்ணுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் எண்ணினேன். அவர் கல்யாணத்தின் இருபத்து மூன்றாம் நாள் கட்டாருக்குப் போனார். அதற்குப் பிறகு நான் கேற்றைத் தாண்டியது இரண்டே தடவை, இரண்டும் டொக்டரிடம் போக. ஸுலைஹா மாமி கெட்டவர் என்று நினைத்துவிடாதே. நல்ல துண்டு மீனை என் சோற்றுக் கோப்பையில்தான் வைப்பார். "மகன் வெளிநாட்டுல ஈக்கிற நேரம் மருமகள் ரோட்டுல திரிஞ்சா சனம் என்ன செல்லும்?" என்று அவர் கேட்கும்போது குரலில் கோபமே இருக்காது. கோபமிருந்தால் சண்டை போடலாம்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு மட்டும் டீவி எங்கள் ஆட்சி. மதினியின் மகள் றஹ்மாவும் தங்கச்சிகளும் ஓடி வருவார்கள், அவர்களைச் சாட்டி நானும் உட்கார்ந்துவிடுவேன். உனக்குத்தான் பெட்டரி செத்துவிடுகிறதே, கடைசி ஐந்து நிமிஷத்தை நீ கேட்டிருக்க மாட்டாய். நேயர்களுடைய அபிப்பிராயங்களை ஒரு சிங்கள நங்கி, சின்னப் பெண்தான், வாசிக்கிறாள். குருநாகலில் ஒரு வாத்தியார், இந்தப் படம் பிள்ளைகளைச் சோம்பேறியாக்குகிறது, நிறுத்துங்கள் என்று எழுதியிருக்கிறார். மாத்தறையில் ஒரு பெண் அந்த அம்மாவைப் பேசாமல் தாய் வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். ஒரு சின்னப் பிள்ளை, அடுத்த எலெக்‌ஷனில் வாத்துக்கே வாக்குப் போடுவேன் என்று எழுதியிருந்தது.

என் அபிப்பிராயம் வேறு. அவர்கள் கடலுக்குப் போகவே கூடாது. போய்ச் சேர்ந்துவிட்டால் படம் முடிந்துவிடும். பிறகு சனிக்கிழமையில் எனக்கு என்ன இருக்கிறது?

உன் வாய்க்கு நீ அந்த நங்கிக்கு ஒரு கடிதம் போடேன். உன் சிங்களத்துக்கு அவர்களே எழுந்து நிற்பார்கள். பதில் வருகிற முகவரிக்கு என் வீட்டு இலக்கத்தைப் போடு. தபால் பார்ப்பது நான்தான், வந்ததும் றஹ்மா பள்ளிக்கூடம் போகும்போது அவள் கையில் கொடுத்துத் தபாலில் போட்டுவிடுவேன். இந்த வீட்டில் என்னுடையது என்று யாருக்காவது கொடுக்க இருப்பது அந்த இலக்கம் மட்டும்தான்.

உன்
அம்ரா


கீழ்ப் பிரிவு லயம்,
தெஹியோவிட்ட.
07.09.2003

அன்பின் அம்ரா,

எழுதிவிட்டேன்! ஒன்றரைப் பக்கம், சிங்களத்தில். கீழே 47/2 என்று போடும்போது எனக்கே ஒரு மிடுக்கு வந்தது. லயத்துக்கு ஏது இலக்கம்? தோட்டத்து ஆட்களுடைய கடிதமெல்லாம் ஒரே பையில் ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் ஐயாவுக்கு மனம் வந்தால் தபால்காரர் இருளப்பண்ணன் கையில் கொடுப்பார், வராவிட்டால் பைலுக்கு அடியில் தூங்கும். போன வருஷம் வாத்தியார் வேலை இன்டர்வியூவுக்கு வந்த கடிதம் இருபத்து மூன்று நாள் தூங்கியது உனக்குத் தெரியும்தானே? "ஐயா, தேதி போயிருச்சுங்களே" என்றேன். "அடுத்த வருசமும் வருமில்ல" என்றார். அந்த மனிதனை அன்றைக்குக் கடித்துத் தின்றிருப்பேன்.

உன் வாப்பா கடையும் முக்கியமான கடிதத்துக்கு லாயக்கில்லை. கோபிக்காதே. தோட்டத்துக் கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்து, யார் வந்தாலும் "இது ஒங்கட லயத்துக்குத்தானே?" என்று தூக்கிக் கொடுத்துவிடுகிறார். மேல் பிரிவில் ஒரு வீட்டில் யாருடையதோ பரீட்சை முடிவுத் தாளில் சீனி மடித்திருந்தார்கள்.

என்ன எழுதினேன் என்று கேட்பாய். அந்தக் குடும்பம் சோம்பேறி இல்லை என்று எழுதினேன். அம்மா ஆயத்தம், மகள் ஆயத்தம், அப்பாவும் ஆயத்தம்தான். யாராவது ஒரு ஆள் தனியாகக் கிளம்பியிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். எல்லாரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று நிற்கிறார்களே, அதுதான் கதவுக்குப் பூட்டு. இன்னொன்றும் எழுதினேன். தமிழில் இந்த அப்பா பேசினால் எப்படிப் பேசுவார் என்று இரண்டு இடம் எழுதிக் காட்டினேன். "நாளைக்குப் பாத்துக்கலாம், வாங்க" என்று.

இங்கே நிலவரம் நல்லதில்லை. அம்மாவுக்கு டிசம்பரோடு ஐம்பத்தைந்து. அதற்கு மேல் ரப்பர் பால் வெட்ட விடமாட்டார்கள். வீட்டுக்கு ஒரு பேர் தோட்டத்து வேலைப் பதிவில், செக்ரோலில், இருந்தால்தான் இந்த லயத்துக் காம்பரா எங்களுக்குக் குடியிருக்க. அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. ஜனவரிக்குள் ஒரு பேர் வேண்டும் என்று கணக்கப்பிள்ளை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏ.எல் பரீட்சை வரை படித்த மகளின் கையில் பால் கத்தி கொடுக்க அவருக்கு மனசு வருமா? எனக்கு வேறு ஒரு வேலை கிடைத்தால் அவரையும் கூட்டிக்கொண்டு இந்த லயத்தை விட்டே போய்விடுவேன்.

போன வாரப் படத்தில் ஸ்டேஷன் வரைக்கும் போனார்களே, டிக்கட்டும் எடுத்தார்கள். அதற்குள் பெட்டரி போய்விட்டது. என்ன ஆச்சு?

சுதர்ஷினி


வரக்காப்பொல.
05.10.2003

சுதர்ஷினி! சுதர்ஷினி! சுதர்ஷினி!

வாசித்தார்கள். நேற்று உன் கடிதத்தை முழுக்க வாசித்தார்கள். அந்த நங்கி உன் பெயரை எவ்வளவு அழகாகச் சொன்னாள் தெரியுமா? கதவுக்குப் பூட்டு என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு "ஹரிம லஸ்ஸன அதஹஸக்" என்றாள், எவ்வளவு அழகான எண்ணம் என்று. நான் "இது என்ட கூட்டாளி!" என்று கத்திவிட்டேன். மாமி தொழுகைப் பாயோடு வந்து, "என்ன புள்ள, வீட்டுல யாரும் மௌத்தா?" என்று சாவுச் செய்தி வந்தது போலக் கேட்டார். சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது.

இன்னும் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு வாசி. புது வருஷத்தில் "ஹெட்ட யமு"வைத் தமிழிலும் போடப்போகிறார்கள். சிங்களத்திலிருந்து தமிழாக்க இரண்டு பாஷையும் வீட்டுப் பாஷையாகத் தெரிந்த ஆட்கள் வேண்டுமாம். நல்ல அபிப்பிராயம் எழுதிய நேயர்களுக்கே முதலில் கடிதம் போட்டுக் கூப்பிடுவார்களாம். ஒரு பரீட்சை, தேறினால் கொழும்பில் வேலை. உன்னைத் தவிர யாருக்குடி வரும்?

ஸ்டேஷன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் காஸ் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது. எல்லாரும் திரும்பி ஓடினார்கள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. வந்ததுக்கு ஒரு தேத்தண்ணி குடிப்போம் என்று மறுபடி பற்ற வைத்தார்கள்.

இதை நாளைக்கே றஹ்மா கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன்னைப் பற்றியே பெருமையடித்துத் திரிகிற,
அம்ரா


கீழ்ப் பிரிவு லயம்.
02.11.2003

அம்ராக் கண்ணே,

நோன்பு எப்படிப் போகிறது? பசியில் என் கடிதத்தைத் தின்றுவிடாதே.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்கு தடவை வாசித்துக் காட்டினேன். நான்காம் தடவை, "அந்த ஊட்டுக்கார அப்பனுக்கு நீ பேச்சு எழுதுனா வெரசா கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருவியா?" என்று கேட்டார். "அது என் கையில இல்லம்மா" என்றேன். "பின்ன என்னத்துக்கு அந்த வேலை?" என்கிறார். ஆனால் அன்றைக்கே பெட்டியைத் திறந்து, எனக்கென்று வைத்திருந்த நீலச் சேலையை வெயிலில் போட்டார்.

இரவில் கண்ணை மூடினால் கொழும்புதான் வருகிறது. வேலை கிடைத்தால் ஒரு அறை போதும், அம்மாவும் நானும். எலி வளையானாலும் தனி வளை. அறைக்கதவில் ஒரு இலக்கம் இருக்கும். அம்மாவுக்குக் கடலைக் காட்டுவேன். எனக்கும்தான் காட்ட வேண்டும், இருபத்து நான்கு வயதில் நான் எங்கே பார்த்தேன்? தீவில் பிறந்து கடல் பார்க்காத கழுதை என்று என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

செய்துபார்ப்போம் என்று ஒரு முழுப் பாகத்தைத் தமிழில் எழுதிப் பழகியிருக்கிறேன். முடிவு நீ சொன்ன முடிவு. என் நோட்டில் பாதிப் படம் நான் கண்டது, மீதிப் படம் நீ கண்டது.

கடிதம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதே, தங்கமே. ஜனவரிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. வராவிட்டால் பேர் பதியத்தான் வேண்டும். ஒரு தடவை பதிந்தால் அம்மா முப்பத்தொன்பது வருஷம் வெட்டின மரத்தடியில்தான் நானும்.

வழி பார்த்திருக்கும்,
சுதர்ஷினி


வரக்காப்பொல.
21.11.2003

அன்பின் சுதர்ஷினிக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நோன்பு இருபதைத் தாண்டிவிட்டது. வீட்டில் வேலை அதிகம், ஆகவே நீளமாக எழுத முடியவில்லை.

இந்த வாரம் என் அவர் காமில் கட்டாரிலிருந்து கோல் எடுத்தார். பெருநாளைக்கு வரவில்லையாம். இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதியிருக்கிறார். மாமி, "நல்ல செய்திதானே, அழாத புள்ள" என்றார். நான் அழவில்லை. சோமாசி மடித்துக்கொண்டிருந்தேன், தொடர்ந்து மடித்தேன்.

சனிக்கிழமை பாகத்தில் மழை. அவர்கள் கிளம்பவே இல்லை. பாயில் நீலத் துணியை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து இதுதான் கடல் என்று விளையாடினார்கள். எனக்கு இதுவரை வந்ததிலேயே பிடித்த பாகம் அதுதான். போகாமலே இருந்தால் என்ன, சுதர்ஷினி? சேர்ந்து இருக்கிறார்கள்தானே.

நீ கேட்ட கடிதம் ஒன்றும் வரவில்லை.

அம்ரா


கீழ்ப் பிரிவு லயம்.
06.12.2003

அம்ரா,

இரண்டே வரி. இருளப்பண்ணன் அவசரமாகக் கீழே போகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். இன்னும் ஒன்றும் வரவில்லையா? தபால் கந்தோரில் கேட்டுப் பார்க்க முடியுமா? நீ போக முடியாது, தெரியும். றஹ்மாவிடமாவது சொல்லு. கணக்கப்பிள்ளை நேற்றும் வந்தார். கடைக்கு ஒரு வரி போடு.

சு.


கீழ்ப் பிரிவு லயம்.
11.01.2004

அம்ராவுக்கு,

நீ பதில் போடவில்லை. சுகமில்லையோ என்று பயந்தேன். உன் வாப்பா, "அவ நல்லா ஈக்கிறா மகள், நேத்துத்தான் பேசின" என்றார். சுகமாக இருந்தால் சரி.

எனக்கும் ஒரு இலக்கம் கிடைத்துவிட்டது. செக்ரோல் நம்பர் 218. ஐந்தாம் தேதி பேர் பதிந்தேன். கிளாக்கர் ஐயா பெயரை எழுதும்போது, "ஏ.எல் எல்லாம் படிச்ச புள்ள, கையெழுத்து அழகாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். கையெழுத்துத்தான் போட்டேன். கைரேகை இல்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

அம்மாதான் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். "ஆழமா போகாத, மரத்துக்கு நோகும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நாலாவது மரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு நிற்கிறார். "ஏம்மா, நல்லாத்தானே வெட்டுறேன்?" என்றேன். "நல்லாத்தான் வெட்டுற. அதான்" என்றார். ஐந்தாவது மரத்துக்குப் போனேன்.

முந்நூறு மரம். சிரட்டை துடைத்து, வெட்டி, பால் சேர்த்து, வாளி சுமந்து ஸ்டோருக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிடும். ஒட்டுப்பால் நாற்றம் எத்தனை தடவை கழுவினாலும் கையை விடுவதில்லை. இந்தக் கடிதத்திலும் இருக்கும், மாமிக்குக் காட்டாதே.

அந்தக் கடிதத்தைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. ஒருவேளை நான் எழுதினது நன்றாக இல்லையோ என்னவோ. உன் அன்பில் நீ பெரிதாகச் சொல்லியிருப்பாய், நானும் நம்பிவிட்டேன். நீலச் சேலை திரும்பப் பெட்டிக்குப் போய்விட்டது.

உன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எழுது.

சுதர்ஷினி


வரக்காப்பொல.
20.01.2004

சுதர்ஷினி,

இத்தோடு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசி. பிறகு இதை வாசிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி.

அது நவம்பர் 19ஆம் தேதி வந்தது. டீவிக்காரர்களிடமிருந்து, உன் பெயருக்கு. டிசம்பர் 13, காலை ஒன்பது மணி, பரீட்சை. "தங்களது அபிப்பிராயம் எங்களை மிகவும் கவர்ந்தது" என்று மேலே பேனையால் யாரோ தனியாக எழுதியிருக்கிறார்கள், பார். நீ எழுதினது நன்றாகத்தான் இருந்தது. இதை மட்டும் நம்பு.

நான்தான் ஒளித்து வைத்தேன். பேரீச்சம்பழ டின்னில், பழத்துக்கு அடியில். தபால் பிந்தவில்லை, மாமி எடுக்கவில்லை. நான்.

அதற்கு முந்தின நாள் இரவுதான் காமில் கோல் எடுத்திருந்தார். இன்னும் இரண்டு வருஷம் என்று. காலையில் இந்தக் கடிதம். கையில் வாங்கினபோது முதலில் வந்தது சந்தோஷம்தான், அல்லாஹ் அறிவான். அடுத்த நொடி, இவள் போய்விடுவாள் என்று வந்தது. கொழும்புக்குப் போவாள், கடல் பார்ப்பாள், முழு டீவி பார்ப்பாள். முடிவைச் சொல்லு என்று என்னிடம் யார் கேட்பார்கள்? ஒரு நாள் மட்டும் வைத்திருப்போம் என்று டின்னில் போட்டேன். நாளைக்கு அனுப்புவோம் என்று நினைத்தேன். மறு நாளும் அதையே நினைத்தேன். நோன்பு பிடித்த வாயோடு உனக்குப் பொய் எழுதினேன். டிசம்பரில் நீ இரண்டு வரி போட்டபோதும் நேரம் இருந்தது. அன்றைக்கு டின்னைத் திறந்துவிட்டு மூடினேன்.

நீ செக்ரோல் நம்பர் எழுதின கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. இதை ரெஜிஸ்டர் தபாலில் நானே போடுவேன் என்று மாமியிடம் போய் நின்றேன். என்ன கடிதம் என்று வாங்கிப் பார்த்தார். டீவிக்காரர்களின் உறையைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "இந்த வீட்டு நம்பரைக் குடுத்து டீவிக்குக் கடிதம் போட்டயா? என்ட மகன்ட பேர் என்னத்துக்கு ஆகும்?" எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. டீவி மதினி வீட்டுக்குப் போய்விட்டது. இனி கடிதமும் வேண்டாமாம். இதை றஹ்மா பாடப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோகிறாள்.

எனக்கு இது போதாது என்று தெரியும். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இருந்தும் ஒன்று கேட்கிறேன், வெட்கமில்லாமல். 31ஆம் தேதி "ஹெட்ட யமு" கடைசிப் பாகம். நான் பார்க்க முடியாது. அவர்கள் கடலுக்குப் போனார்களா இல்லையா என்று மட்டும் எழுது. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். கடைக்குக் கொடு, வாப்பா எப்படியாவது சேர்ப்பார்.

அம்ரா


செக்ரோல் நம்பர் 218,
கீழ்ப் பிரிவு,
தெஹியோவிட்ட.
08.02.2004

அம்ரா,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. போடத்தான் போனேன். அம்மா, "என்னடி அது?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவருக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். முப்பத்தொன்பது வருஷம் மரம் வெட்டியும் அவருக்கு மனிதர் மேல் நம்பிக்கை இருக்கிறது. அதை நான் ஏன் வெட்ட வேண்டும்?

மூன்று நாள் உன்னை ஏசினேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஏச்சு, முந்நூறு ஏச்சு. கிளாக்கர் ஐயா இருபத்து மூன்று நாள் வைத்திருந்தார், நீ இரண்டு மாதம். அவர் எனக்கு யாருமில்லை. நீ பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். எது பெரிது என்று நீயே சொல்லு. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நம் இரண்டு பேருக்கும் இனிப் பொய் வேண்டாம்.

தமிழில் நேற்றுத் தொடங்கிவிட்டார்கள். அந்த அப்பா, "நாளை நாம் செல்லலாம், வாருங்கள்" என்கிறார். எந்த வீட்டு அப்பாவடி அப்படிப் பேசுகிறார்? லயமே சிரித்தது. அம்மா மட்டும், "நீ எழுதுனதுதான் நல்லா இருந்துச்சு" என்றார். எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

கடைசிப் பாகத்துக்கு வருகிறேன். 31ஆம் தேதி வேலைக்கு லீவு போட்டு, காலையிலேயே செல்வராணி அக்கா வீட்டுப் பெட்டரியைத் தலையில் வைத்துத் தெஹியோவிட்டவுக்கு நானே கொண்டுபோனேன். சார்ஜ் நிரம்பும் வரைக்கும் கடை வாசலில் குந்தியிருந்து, நானே சுமந்துகொண்டு வந்தேன். முதல் தடவையாகக் கடைசி வரைக்கும் பார்த்தேன், படம் புள்ளியாகச் சுருங்காமல். அபிப்பிராயம் வாசிக்கிற நங்கியின் முகத்தையும் கண்டேன். முன்பல்லில் ஒரு இடைவெளி. நீ அதைச் சொல்லவே இல்லை.

அவர்கள் கடலுக்குப் போனார்களா இல்லையா என்று எனக்குத் தெரியும். உனக்கு எழுத மாட்டேன்.

இத்தனை நாளாக முடிவெல்லாம் உன் கையில் இருந்தது. ஒன்றை ஒளித்தாய். இப்போது ஒன்று என் கையில் இருக்கிறது. வாப்பாவிடம் கேட்காதே, அவருக்குத் தெரியாது. றஹ்மாவிடமும் கேட்காதே. அவள் பார்த்திருந்தால் உன்னிடம் சொல்ல வேண்டாமென்று இந்தக் கடிதத்திலேயே அவளுக்கும் எழுதியிருக்கிறேன், கீழே பார்.

தெரிய வேண்டுமென்றால் நீ வா.

வரக்காப்பொலையில் ருவன்வெல்ல பஸ் ஏறு. அங்கே இறங்கி அவிசாவளை பஸ். தெஹியோவிட்டவில் வாப்பா கடை வாசலிலேயே நிற்பாட்டுவான். இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. சீமைக்கா கூப்பிடுகிறேன்? நீ பிறந்த வீட்டுக்குத்தான். மாமியிடம் போகட்டுமா என்று கேட்காதே, போகிறேன் என்று சொல்லு. கேட்டால் நாளைக்கு என்பார். அவர் வராவிட்டால், மதினி வராவிட்டால், காமில் வரும் வரைக்கும் என்று நிற்காதே. சேர்ந்து போக நிற்கிறவர்களைப் பற்றி நான் டீவிக்கு எழுதினது உனக்கு நினைவிருக்கும். நீதானே கேட்டாய், என்ட கூட்டாளி என்று கத்தினாய்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பால் கொடுத்து, குளித்துவிட்டு ஒன்றரைக்குக் கடைக்கு வருவேன். மா மூட்டைக்குப் பின்னால் நாம் இருந்த இடத்தில் இருப்பேன், நான்கு மணி பஸ் போகும் வரைக்கும். வந்தால் முதலில் உன்னை அறைவேன். அதற்குப் பிறகு முடிவைச் சொல்வேன். இந்தச் சனி, அடுத்த சனி, அதற்கடுத்த சனி. மூன்று தடவை வருவேன். நான்காம் சனிக்கிழமை எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கிறது.

வராவிட்டால் கடிதம் போடாதே.

சுதர்ஷினி

றஹ்மாவுக்கு: மகள், உன் அம்ரா மாமிக்கு முடிவைச் சொல்லிவிடாதே. பஸ் நம்பர் மட்டும் கேட்டுச் சொல்லு.